ஆண்டு முடிவில் பாட்டு வகுப்பைத் திரும்பிப் பார்ப்பது எப்படி? தொடக்கப் பள்ளி இசை ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பாட்டு எடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாட்டுக்கென்றே வேலைக்கு எடுக்கப்பட்டவராக இருக்கலாம், வகுப்பு ஆசிரியராக இருந்துகொண்டு பாட்டையும் சேர்த்துப் பார்க்கிறவராக இருக்கலாம். இரண்டு பேருக்கும் வேலை ஒன்றுதான். கணக்குக்கும் தமிழுக்கும் தேர்வுத் தாள் உண்டு. ஆண்டு முடிவில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று அது ஓரளவு காட்டிவிடும். பாட்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. நாமே உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு.

நெல்லைச் சீமையில் பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி, வள்ளியூர்ப் பக்கம் புதிதாகப் பாட்டு எடுக்க வந்தவர்களோடு சேர்ந்து இதைச் செய்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது வரிசையில். முதலில் தன் மனதில் பட்டதை எழுதுகிறார்கள், அப்புறம் பிள்ளைகளைப் பாடச் சொல்லிக் கேட்கிறார்கள். 'இந்த ஆண்டு நன்றாகப் போனது' என்று எழுதி முடித்த பிறகு காது அதற்குத் தோதானதை மட்டுமே பொறுக்கும். அதனால் முதலில் கேட்க வேண்டும், அடுத்து எண்ண வேண்டும், அதன்பின் மற்றவர்களிடம் விசாரிக்க வேண்டும். நம் கருத்து கடைசியில்தான் வர வேண்டும். கீழே உள்ள படிகள் இந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. மார்ச் இரண்டாம் வாரத்தில் தொடங்குங்கள்

விடுமுறை விட்டபின் நிதானமாகச் செய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மே மாதம் உங்களிடம் நோட்டு இருக்கும், பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். பிள்ளைகள் இல்லாமல் செய்யும் மீள்பார்வை வெறும் ஞாபகம்தான்.

ஏப்ரலுக்குத் தள்ளினாலும் சிக்கல். ஆண்டுத் தேர்வு நெருங்கினால் பாட்டு பீரியடைக் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். நம்ம ஊரில் பங்குனி உத்திரம் வேறு இருக்கிறது. குலதெய்வச் சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். அந்த நாட்களையொட்டி வகுப்பில் பாதிப் பேர்தான் இருப்பார்கள். வந்த பாதியை வைத்து வகுப்பு முழுவதையும் எடைபோட முடியாது. அந்த ஆண்டு உத்திரம் எந்தத் தேதியில் விழுகிறது என்று காலண்டரில் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

ஒரு வகுப்புக்கு இரண்டு பீரியட் தேவைப்படும். வாரம் ஒரு பீரியட்தான் என்றால் இரண்டு வாரம். மார்ச் கடைசிக்குள் கேட்கிற வேலையை முடித்துவிடலாம்.

2. முதலில் கையில் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு தனி நோட்டு வேண்டும். பாடக்குறிப்பு நோட்டிலேயே எழுதாதீர்கள். அது அதிகாரிகள் பார்க்கிற நோட்டு. அதில் எழுதும்போது கை தானாகவே நல்ல வார்த்தையைத் தேடும்.

வருகைப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு வகுப்பின் பெயர்ப் பட்டியலையும் எழுதிக்கொள்ளுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதினால் சத்தமாகப் பாடுகிறவர்களும் சேட்டை செய்கிறவர்களும்தான் பட்டியலில் இருப்பார்கள். ஆண்டு முழுக்க அமைதியாக உட்கார்ந்திருந்த பிள்ளையின் பெயர் விட்டுப்போகும். நாம் தேடுவது அந்தப் பிள்ளையைத்தான்.

அப்புறம் கால அட்டவணை, ஆண்டு முழுக்க எழுதிய பாடக்குறிப்பு, கருவிகளின் இருப்புப் பதிவேடு. சுருதிக்கு ஆர்மோனியம், இல்லையென்றால் சுருதிப்பெட்டி, அதுவும் இல்லையென்றால் போனில் தம்பூரா செயலி.

போனில் பதிவு செய்வதானால் தலைமை ஆசிரியரிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்குங்கள். குரல் பதிவு மட்டும் போதும், வீடியோ வேண்டாம். கேமராவைப் பார்த்தால் பிள்ளைகள் நிகழ்ச்சிக்குப் பாடுவதுபோல் பாடுவார்கள். பதிவை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள், நன்றாக இருந்தாலும் கூடாது. கேட்டு எழுதி முடித்தபின் அழித்துவிடலாம்.

3. முதல் பீரியட்: வகுப்பைச் சேர்த்துக் கேளுங்கள்

எல்லா வகுப்புக்கும் பொதுவான ஒரு பாட்டு நம்மிடம் இருக்கிறது. தினமும் காலை வணக்கக் கூட்டத்தில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து. ஒன்றாம் வகுப்பும் பாடுகிறது, ஐந்தாம் வகுப்பும் பாடுகிறது. அதனால் வகுப்புக்கு வகுப்பு ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. 2021 டிசம்பரில் இதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது 55 விநாடியில் பாட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மோகன ராகம், மூன்றன் நடை (மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரம்).

வகுப்பறையில் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, சுருதி கொடுத்து, நீங்கள் பாடாமல் அவர்களை மட்டும் பாடவிட்டு, நேரத்தைப் பாருங்கள். 55 விநாடிக்குப் பக்கத்தில் வந்தால் நல்லது. 65, 70 என்று இழுத்தால் எந்த இடத்தில் இழுக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் வரி முடிவில்தான். ஆளுக்கொரு இடத்தில் மூச்சு எடுக்கிறார்கள், ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்கிறார்கள். அப்படியானால் அடுத்த ஆண்டு சொல்லிக்கொடுக்க வேண்டியது எங்கே மூச்சு எடுப்பது என்பதை. 'வேகமாப் பாடுங்க' என்று சொல்வதால் அது சரியாகாது. மூச்சை அப்படியே விட்டுவிட்டு வேகத்தைக் கூட்டினால் சொற்கள்தான் விழுங்கப்படும்.

அடுத்து சுருதி. பாடத் தொடங்கும்போது எந்தக் கட்டையில் (ஆர்மோனியச் சுருதி எண்) இருந்தார்கள், முடிக்கும்போது எங்கே இறங்கியிருக்கிறார்கள் என்று ஆர்மோனியத்தில் தொட்டுப் பாருங்கள். அரைக் கட்டை இறங்குவது சகஜம். ஒரு கட்டைக்கு மேல் இறங்கினால் தொடங்கிய இடம் அவர்கள் குரலுக்குப் பொருந்தவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளின் குரல் சிரமமில்லாமல் நிற்கும் இடம் ஆர்மோனியத்தின் நடு ஸ்தாயியில் ஏறத்தாழ 2 கட்டையிலிருந்து 6 கட்டை வரை. ஐந்தாம் வகுப்புக்கு வரும்போது இரண்டு பக்கமும் கொஞ்சம் விரியும். கர்நாடக சங்கீதம் கற்ற டீச்சர்கள் பலர் தங்களுக்குப் பழகிய, கீழ் ஸ்தாயியில் வரும் 5 அல்லது 5½ கட்டை ஸட்ஜத்தையே (ஸ) வகுப்பிலும் வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஸட்ஜம் பெரியவர்களின் தொண்டைக்கு வசதி. சின்னப் பிள்ளைக்கு அது அடித்தளத்துக்கும் கீழே. பாட்டின் கீழ்ப்பகுதி வரும்போதெல்லாம் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், இல்லையென்றால் பேசுவார்கள். நாம் 'இவனுக்குச் சுருதி சேரவில்லை' என்று எழுதிவிடுவோம். உண்மையில் எட்டவில்லை. மேலே போனாலும் இதே கதைதான். "மேல போவுது டீச்சர், தொண்ட எட்ட மாட்டேங்கு" என்று பிள்ளையே சொல்லும், கேட்டால்.

ஆகவே எதையும் எழுதுவதற்கு முன் ஒரு கட்டை ஏற்றி ஒரு முறையும் இறக்கி ஒரு முறையும் பாடவிடுங்கள். மூன்றில் எது நன்றாக வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் அடுத்த ஆண்டு முழுவதும் உங்களுக்கு உதவும்.

கர்நாடக சங்கீதத்தின் முதல் பயிற்சியான சரளி வரிசையை வைத்துச் சுருதி பார்க்கலாமா என்று கேட்பார்கள். தொடக்கப் பள்ளியில் நான் வேண்டாம் என்பேன். அது அமைந்த மாயாமாளவகௌளை ராகத்தில் ஸட்ஜத்துக்கும் ரிஷபத்துக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகியது. ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவே மிக அகன்றது. வாரம் ஒரு பீரியடில் நாற்பது பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது அந்த ரிஷபம் நழுவத்தான் செய்யும். மோகனத்தில் அப்படி ஒட்டி நிற்கும் ஸ்வரம் இல்லை. அதில் நழுவினால் கவனிக்க வேண்டிய விஷயம். மாயாமாளவகௌளையில் நழுவியதை வைத்து மட்டும் ஒரு வகுப்பைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

கடைசியாகத் தாளம். வகுப்புக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை எடுத்து, கைதட்டிக்கொண்டே பாடச் சொல்லுங்கள். நடுவில் ஒரு வரியை மனதுக்குள் மட்டும் பாடவிட்டு, அடுத்த வரியைச் சத்தமாக எடுக்கச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் எடுத்தால் தாளம் உள்ளே இறங்கியிருக்கிறது. நாலாபக்கமும் சிதறினால் இதுவரை உங்கள் கையைப் பார்த்துத்தான் தட்டியிருக்கிறார்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்குச் சீரான ஒற்றைத் தட்டு போதும். நான்கு, ஐந்தில் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை விரல் விட்டுப் போடச் சொல்லலாம். பாட்டின் அசைக்கு அசை தட்டுகிறார்களா, எண்ணிக்கைக்குத் தட்டுகிறார்களா என்று பாருங்கள். புதியவர்களின் காதில் இந்த வித்தியாசம் முதலில் விழாது. போன் பதிவை இரண்டாம் முறை கேட்டால் விழும்.

இந்த பீரியட் முழுவதும் திருத்தாதீர்கள். இது ரொம்பக் கஷ்டம், தெரியும். திருத்தத் தொடங்கினால் அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் கேட்பது உங்கள் திருத்தத்தைத்தான்.

4. இரண்டாம் பீரியட்: ஒவ்வொருவராகக் கேளுங்கள்

'எழுந்து தனியாப் பாடு' என்றால் பாதிப் பேர் வாயே திறக்க மாட்டார்கள். அதைப் பாட்டு தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பிவிடும். இதற்கு நம்ம சீமையிலேயே வழி இருக்கிறது. வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் ஒரு வரியைப் பாட, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள், இடையிடையே 'ஆமா' போடுவார்கள். கோயில் கொடைக்குப் (திருவிழாவுக்கு) போன பிள்ளைகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

நீங்கள் தலைமைப் பாடகர். சுலபமான நான்கு ஸ்வர அளவில் ஒரு வரி பாடுங்கள். முதலில் வகுப்பு முழுக்க வாங்கிப் பாடட்டும். அப்புறம் ஒரு வரிசை, பிறகு ஒரு பெஞ்சு. நான்காவது சுற்றில் ஒவ்வொரு பிள்ளையாக வாங்கிப் பாடச் செய்யுங்கள். நிறுத்தாமல் தாளம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தாளம் நின்றால் எல்லோருடைய கண்ணும் பாடுகிற பிள்ளை மேல் போகும், பயம் வந்துவிடும். ஒரு பிள்ளைக்குப் பத்து விநாடிகூட ஆகாது. 40 பேர் உள்ள வகுப்பை ஒரே பீரியடில் முடிக்கலாம்.

வகுப்பு ரொம்பப் பெரியது என்றால் பட்டியலில் மூன்றுக்கு ஒன்றாக எண் சொல்லிக் கூப்பிடுங்கள். கையைத் தூக்குகிறவர்களைக் கூப்பிடாதீர்கள். கை தூக்குகிற பிள்ளை எப்படிப் பாடும் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

பெயருக்கு நேரே எழுதும்போது நடந்ததை மட்டும் எழுதுங்கள். 'வரியின் முதல் பாதி சேர்ந்தது, பின்பாதி இறங்கியது.' 'சொல் தெளிவு, தாளம் முந்துகிறது.' 'உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.' 'பாட வராது' என்று எழுதாதீர்கள். அது இன்று நீங்கள் கேட்டதற்கு மேல் போய், அந்தப் பிள்ளைக்கு ஒரு முடிவு கட்டிவிடுகிறது. அடுத்த ஆண்டு வேறொரு டீச்சர் அந்த நோட்டை வாங்கினால் அவர் காதும் அதோடு மூடிவிடும். பெரியவர்கள் பலர், 'எனக்குப் பாட்டே வராது' என்று ஆயுள் முழுக்கச் சொல்லித் திரிகிறார்கள். கொஞ்சம் கிளறிப் பார்த்தால் எட்டு வயதில் யாரோ ஒருவர் 'நீ வாயை மட்டும் அசை' என்று சொல்லியிருப்பார். அந்த வேலையை நாம் செய்யக் கூடாது.

5. பாட்டுக் கணக்கு

இப்போது பாடக்குறிப்பைத் திறந்து, வகுப்பு வாரியாக ஆண்டு முழுக்கச் சொல்லிக்கொடுத்த பாட்டுகளை எல்லாம் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே மூன்று கேள்விக்குப் பதில். நான் முதல் சொல் எடுத்துக் கொடுக்காமலே வகுப்பு தொடங்குகிறதா? கடைசி வரி வரை என் குரல் இல்லாமல் போகிறதா? பிள்ளைகளாகவே அதைக் கேட்கிறார்களா?

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். வகுப்புக்குள் நுழையும்போதே "டீச்சர், அந்த வண்டிப் பாட்டு பாடுவமா?" என்று ஒரு பாட்டு எழும்பினால் அது அவர்களுடையதாகிவிட்டது. அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கேள்வி பதிலா, உடம்பை அசைக்க இடமிருக்கிறதா, சுருதி வீச்சு சின்னதா? அடுத்த ஆண்டு புதுப் பாட்டு தேடும்போது அந்தக் குணத்தைத் தேடுங்கள்.

பட்டியலை வேறொரு கண்ணாலும் பார்க்க வேண்டும். நெல்லை வகுப்பறையில் பிள்ளைகள் வெறுங்காதோடு வருவதில்லை. ஒரு பிள்ளை ஞாயிறு பள்ளியில் கீர்த்தனை பாடிவிட்டு வருகிறது. மேலப்பாளையத்துப் பிள்ளை வீட்டில் இஸ்லாமியப் பாடல்களைக் கேட்டு வளர்கிறது. உடன்குடிப் பக்கத்துப் பிள்ளை குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவில் பத்து நாள் மேளத்தோடு நடந்திருக்கிறது. இன்னொன்று கணியான் கூத்தின் மகுட மேளச் சத்தத்தில் தூங்கி எழுந்திருக்கிறது. உங்கள் பட்டியலில் இவற்றின் நடையோ தாளமோ எங்கேயாவது இருக்கிறதா? ஒன்றுமே இல்லை என்றால் அந்தப் பிள்ளைகள் வாசலில் தங்கள் காதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார்கள். வழிபாட்டுப் பாட்டையே வகுப்பில் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொதுப் பள்ளியில் அதில் கவனமும் வேண்டும். அந்தத் தாளத்தை, அந்த வாங்கிப் பாடும் முறையை, அந்த மேள அடியை எடுக்கலாம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பாட்டுகளின் எண்ணிக்கையைப் பெருமையாக எழுதுவது. முப்பது பாட்டு தொட்டு நான்கு நின்றிருந்தால், அடுத்த ஆண்டு பன்னிரண்டு எடுப்பது நல்லது.

6. பீரியட் கணக்கு

வாரம் ஒரு பீரியட் என்றால் ஜூன் முதல் ஏப்ரல் வரை தாளில் சுமார் 40 வரும். கையில் கிடைத்தது எத்தனை என்று எண்ணுங்கள். பருவத் தேர்வு, மழை விடுமுறை, ஆண்டு விழா ஒத்திகை, வேறு பாடத்துக்குக் கொடுத்தது என்று போன காரணத்தையும் எழுதுங்கள்.

யாரையும் குறை சொல்ல இதைச் செய்யவில்லை. 25 பீரியடில் நடந்ததை 40 பீரியடின் எதிர்பார்ப்போடு ஒப்பிட்டால் உங்களையும் பிள்ளைகளையும் அநியாயமாகக் கடிந்துகொள்வீர்கள். தலைமை ஆசிரியரிடம் 'பாட்டுக்கு நேரமே இல்லை' என்று பொதுவாகச் சொல்வதைவிட, இந்தத் தாளைக் காட்டி 'மூன்றாம் வகுப்புக்கு இத்தனை பீரியட் போனது, காரணம் இது' என்று சொன்னால் பேச்சு நடக்கும். நவம்பர், டிசம்பரில் மழையால் போவது நம்ம பக்கத்தில் வழக்கம். அந்த இரண்டு மாதத்தில் புதுப் பாட்டைத் தொடங்காமல் இருப்பதே திட்டம்.

7. ஆண்டு விழாவைத் தனியாக எடுத்து வையுங்கள்

புதியவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் மீள்பார்வையின் முதல் வரியிலேயே ஆண்டு விழாவை எழுதுகிறார்கள். கைதட்டல், பெற்றோரின் பாராட்டு, கலைத் திருவிழாவில் பரிசு. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். மேடையேறிய பிள்ளைகள் உழைத்திருக்கிறார்கள், நீங்களும் உழைத்திருக்கிறீர்கள்.

ஆனால் மேடையில் நின்றது இருபது பிள்ளைகள். அதுவும் நன்றாகப் பாடுகிறவர்கள் என்று நாமே பொறுக்கியவர்கள். பள்ளியில் மீதியுள்ளவர்கள் அந்த மாதம் முழுக்க என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு மேடையில் பதில் இல்லை. ஒத்திகைக்காக அந்த இருபது பேரைக் கூட்டிப் போனபோது வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பாட்டு பீரியட் நடந்ததா? பீரியட் கணக்கில் இதையும் பாருங்கள். நான் பார்த்த வரையில், பின்பெஞ்சுப் பிள்ளைகளின் பாட்டு ஆண்டு அதோடு முடிந்திருக்கும்.

ஆண்டு விழாவுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். மேடையேறியவர்களின் பெயரை எழுதி, அதில் எத்தனை பேர் சென்ற ஆண்டும் ஏறியவர்கள் என்று குறியுங்கள். ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த ஆண்டு ஒரு நிகழ்ச்சியையாவது ஒரு வகுப்பு முழுவதும் சேர்ந்து பாடுவதாக வையுங்கள். கொஞ்சம் சுருதி பிசகினாலும் பெற்றோர் கேட்பார்கள். தங்கள் பிள்ளை நிற்கிறதே.

8. விசாரியுங்கள்

பிள்ளைகளிடம் 'பாட்டு வகுப்பு பிடிச்சிருக்கா?' என்று கேட்காதீர்கள். 'பிடிச்சிருக்கு டீச்சர்' என்று ஒரே குரலில் வரும்; அதில் எழுத ஒன்றும் இல்லை. 'வீட்ல யாருக்காவது ஒரு பாட்டு சொல்லிக்கொடுத்தியா, எந்தப் பாட்டு?' என்று கேளுங்கள். 'எந்தப் பாட்டு வரும்போது சும்மா இருந்துருவே?' என்று கேளுங்கள். மூன்றாம் வகுப்புக்கு மேல் ஒரு துண்டுத் தாளில் பெயர் போடாமல் எழுதி வாங்கலாம்.

வகுப்பு ஆசிரியர்களிடம் கேட்க ஒன்றே போதும்: பாட்டு பீரியட் முடிந்து நீங்கள் உள்ளே போகும்போது பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்புகளில் அவர்களே தினமும் பாட்டோடுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். எந்த மெட்டு அவர்களுக்குக் கைகொடுக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சத்துணவு ஆயாவை விட்டுவிடாதீர்கள். யாரும் பார்க்காதபோது பிள்ளைகள் என்ன பாடுகிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். "தட்ட வச்சுத் தட்டிக்கிட்டே ஒண்ணு பாடுதுங்களே டீச்சர், அதான் தினமும்" என்று ஓர் ஆயா சொன்ன பாட்டு, அங்கே இருந்த டீச்சரின் பட்டியலில் 'ஒரே ஒரு முறை எடுத்தது' என்று இருந்தது. அது தாளத்துக்காகவே ஒட்டிக்கொண்ட பாட்டு. அந்த டீச்சர் அடுத்த ஆண்டை அங்கிருந்து தொடங்கினார்.

9. கருவிகளைப் பார்த்து வையுங்கள்

இருப்புப் பதிவேட்டோடு ஒவ்வொன்றையும் கையில் எடுத்துச் சரிபாருங்கள். இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் ஒலிக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்மோனியத்தில் கீழிருந்து மேல் வரை ஒவ்வொரு கட்டையையும் அழுத்தி, ஊமையானதையும் தானாக ஊதுவதையும் குறியுங்கள். துருத்தியை மூடிப் பூட்டி, துணி போட்டு, பெட்டியில் வையுங்கள். கோடையில் எலி கடித்துவைக்கும். வெயில் விழும் ஜன்னல் பக்கம் வைத்தால் மரம் வெடிக்கும்.

தோல் கருவிகளுக்கு ஈரம் ஆகாது. ஜூனில் தென்காசிப் பக்கம் சாரல் தொடங்கினால் பறையும் கஞ்சிராவும் தொய்ந்துவிடும். துணிப் பையில் போட்டு உயரத்தில் தொங்கவிடுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம், வியர்க்கும். உடுக்கையின் கயிற்றைத் தளர்த்திவிடுங்கள். வில் இருந்தால் நாணை இறக்கி வையுங்கள்.

எதையும் தரையோடு வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணிக் கரையோரம் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பீரோவின் மேல்தட்டைக் கேட்டு வாங்குங்கள்.

பழுது பார்க்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி ஏப்ரலிலேயே தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பள்ளி மானியத்தில் என்ன வாங்கலாம் என்று அவர் யோசிக்கும் நேரத்தில் உங்கள் தாள் மேசைமேல் இருக்க வேண்டும்.

10. இப்போது உங்களைப் பற்றி எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். இத்தனையும் கேட்டு, எண்ணி, விசாரித்தபின் எழுதுவதால் இது வெறும் புலம்பலாகவோ வெறும் பெருமையாகவோ போகாது.

தொண்டையிலிருந்து தொடங்குங்கள். எந்த மாதம் குரல் கட்டியது, எந்த வகுப்புக்குப் பின்? ஒரே நாளில் தொடர்ந்து நான்கு பீரியட் பாடிவிட்டு வெள்ளிக்கிழமை பேசவே முடியாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் நீங்கள் பிள்ளைகளுக்குப் பதிலாகப் பாடுகிறீர்கள். வரி கொடுத்துவிட்டு நிறுத்திக் கேட்கும் பழக்கம் வந்தால் உங்கள் தொண்டையும் பிழைக்கும், பிள்ளைகள் குரலும் வெளியே வரும். இது போக, எந்த வகுப்புக்குப் போகும்போது கால் தயங்கியது, எதற்குச் சந்தோஷமாக நடந்தீர்கள் என்றும் எழுதுங்கள். கால் தயங்கிய வகுப்பின் பக்கத்தைத் திரும்பப் புரட்டினால், பெரும்பாலும் அங்கேதான் பீரியடும் குறைந்திருக்கும், கட்டையும் பொருந்தியிருக்காது.

11. மூன்று முடிவுகள், அதற்கு மேல் வேண்டாம்

நோட்டு நிறைந்திருக்கும். இருபது விஷயம் மாற்ற வேண்டும் என்று தோன்றும். மூன்றை மட்டும் எடுங்கள். இருபதை எழுதியவர்கள் ஜூலையில் ஒன்றையும் செய்வதில்லை.

முடிவு எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் அது நடப்பதும் நடக்காததும். 'தாளத்தில் அதிகக் கவனம் செலுத்துவேன்' என்று எழுதினால் எந்தத் திங்கட்கிழமை என்ன செய்வது என்று தெரியாது. 'மூன்றாம் வகுப்பில் ஒவ்வொரு பீரியடின் முதல் ஐந்து நிமிடமும் ஒரு வரி மௌனமாகப் பாடி எடுக்கும் பயிற்சி' என்று எழுதினால் அன்றே செய்யலாம். 'எல்லாப் பிள்ளைகளையும் ஊக்குவிப்பேன்' என்பதற்குப் பதில், 'உதடு மட்டும் அசைந்த ஆறு பேரையும் மாதம் ஒருமுறை பின்பாட்டில் தனியாகக் கேட்பேன்.'

மூன்றில் ஒன்று சுருதியைப் பற்றியதாக இருக்கட்டும். 3ஆம் படியில் குறித்த கட்டை எண்ணை இங்கே கொண்டு வாருங்கள். இன்னொன்று பாடாத பிள்ளைகளைப் பற்றியது. மூன்றாவது உங்கள் விருப்பம்.

12. ஜூனுக்கும், அடுத்து வருகிறவருக்கும்

முதல் இரண்டு வாரத்துக்குப் புதுப் பாட்டு எதுவும் திட்டமிடாதீர்கள். கோடையில் பிள்ளைகள் கொடையில் வில் கேட்டிருப்பார்கள், தேவாலயத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் போய் அசைவுப் பாட்டுகள் கற்றிருப்பார்கள், அத்தை வீட்டில் ஏதாவது பழகியிருப்பார்கள். விடுமுறை கொண்டுவந்த தாளங்களையும் மெட்டுகளையும் முதலில் கேளுங்கள். கூடவே சென்ற ஆண்டில் நின்ற பாட்டுகளைப் பாடவிட்டு, இரண்டு மாதத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று நோட்டோடு ஒப்பிடுங்கள். மார்ச்சில் தானாகத் தொடங்கிய பாட்டு ஜூனிலும் தொடங்கினால் அதற்கு ஒரு வட்டம் போடுங்கள்.

இடமாறுதல் வரும் என்று தெரிந்தால் நோட்டிலிருந்து நான்கு விஷயங்களை மட்டும் தனித்தாளில் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள்: வகுப்பு வாரியாகப் பொருந்திய கட்டை, பிள்ளைகளாகவே கேட்கும் பாட்டுகள், கருவிகளின் நிலை, நீங்கள் எழுதிய மூன்று முடிவுகள். பெயர் வாரிக் குறிப்புகளைக் கொடுக்கலாமா என்பது உங்கள் முடிவு. நான் கொடுக்கச் சொல்ல மாட்டேன். புதிய டீச்சர் தன் காதாலேயே முதலில் கேட்கட்டும். ஐந்தாம் வகுப்பை முடித்து வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பக்கங்களைக் கிழித்துவிடலாம். மற்ற பக்கங்களை அடுத்த மார்ச் வரை வைத்திருங்கள். அப்போது ஒப்பிட வேறு எதுவும் இருக்காது.